கை இருந்த இடம்

குணாளனுடைய கேமராவுக்குக் காது செத்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தைக் கொட்டுகிற மழையில் நின்று எடுத்தான். படம் பிழைத்துக்கொண்டது; கேமராவுக்குள் இருந்த மைக் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றாகிவிட்டது. கேமரா ஊமையாகப் படம் பிடிக்கும். குரலை லோஷினி ஒரு சின்ன ரெக்கார்டரில் தனியாகப் பிடிப்பாள். இரண்டையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. எடுக்கத் தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் கிளாப் கட்டையைப் பட்டென்று ஒரு முறை தட்ட வேண்டும். படத்தில் கட்டை மூடுகிற இடத்தையும் ஒலியில் அந்த ‘பட்’ எகிறுகிற இடத்தையும் ஒன்றாகப் பொருத்திவிட்டால் போதும், கடைசி வரைக்கும் முகமும் சொல்லும் ஒட்டிக்கொண்டு போகும்.

கட்டையைத் தட்டுவது லோஷினியின் வேலை. பேச்சியம்மாள் வீட்டில் அவள் அதைத் தட்டவில்லை. தட்டினேன் என்று வாயால் சொன்னாள். ஒலிக் குறிப்புத் தாளிலும் ‘கிளாப்: உண்டு’ என்று எழுதிவைத்தாள்.

லோஷினிக்குப் பதினேழு வயது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பின்வரிசை சிரிக்கும். ஒரு திங்கட்கிழமை போகாமல் இருந்தாள். செவ்வாயும் போகவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. இரண்டு வீடு தள்ளியிருந்த குணாளன்தான் ஒருநாள் கேட்டான். “காதுல மாட்டிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான் வேலை. உனக்குன்னே செஞ்சு வச்ச வேலை லா.” சிகாமட் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவனுடைய ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தவன் இந்த வருடம் ஆறு வருடத்துக்கு முந்திய வெள்ளத்தைப் பற்றி அரைமணி நேரப் படம் ஒன்று எடுக்கலானான். அதற்காகத்தான் பிப்ரவரி மாதம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார்கள்.

ஆற்றங்கரைக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், பாதிப் பலகை, பாதிக் கல் வீடு. பேச்சியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு பக்கம் வாய் கோணிப்போனதிலிருந்து பேசும்போது வலது கையால் முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொள்வாள். இடது கை மட்டும் ஓயாது. எதைப் பற்றிப் பேசுகிறாளோ அதை அந்தக் கை தொட்டுவிட்டு வரும். தண்ணீர் ஏறிய உயரத்தைச் சொல்லும்போது சுவரில் கறை படிந்த கோட்டைத் தொட்டாள். புருஷன் வீரமுத்துவைச் சொல்லும்போது வெறுங்கழுத்தைத் தொட்டாள்.

முதல் முறை லோஷினி கட்டையைத் தட்டியபோது பேச்சியம்மாள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள்.

“ஏம்மா, மூஞ்சிக்கு நேரா கட்டையைத் தட்டுற? அவருக்குச் சவப்பெட்டி மூடுனப்ப இப்படித்தான் தட்டுனாங்க.”

குணாளன் கேமராவுக்குப் பின்னால் இருந்து, “ஒன்னுமில்லக்கா, படத்துக்காக, பழகிடும்” என்றான். அவளுக்குப் பழகியதாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் பேசினாள். பேட்டரி தீர்ந்தது. வேறு பேட்டரி போட்டு, கேமராவை ஓடவிட்டு, “நீ தட்டிட்டு ஆரம்பி, இதோ வந்துடறேன்” என்று குணாளன் வாசலுக்கு ஓடினான். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

லோஷினி கட்டையைத் தூக்கினாள். பேச்சியம்மாள் அதற்குள்ளாகவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பல்லைப் பிடுங்கப்போகிற டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி. லோஷினியால் முடியவில்லை. கட்டையை மடியோரம் தாழ்த்தி, சத்தமில்லாமல் பின்னால் வைத்துவிட்டாள்.

குணாளன் திரும்பி வந்து, “தட்டிட்டியா?” என்றான்.

“தட்டிட்டேண்ணே.”

மார்ச் மாதம் பேச்சியம்மாள் ஒருநாள் மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

---

கருமாதி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய மகன் ஜீவன் ஸ்டூடியோ மாடிப்படியில் ஏறி வந்தான். மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் குத்திக்கொண்டு வந்திருந்தது. கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஆறு வருடமாக அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்.

காரணம் கம்பத்துக்கே தெரியும். வெள்ளத்தன்று எதிர்வீட்டு மூர்த்தி படகு கொண்டுவந்தான். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். வீரமுத்து கூரையில் உட்கார்ந்துகொண்டு, “அம்மாவை விட்டுட்டுத் திரும்பி வாடா” என்று மகனை ஏற்றிவிட்டார். மேட்டுக்கு வந்த பிறகு, தண்ணீர் இழுக்கிறது, திரும்பப் போக முடியாது என்று மூர்த்தி துடுப்பைக் கீழே போட்டுவிட்டான். ஜீவன் கெஞ்சினான். துடுப்பைப் பிடுங்கவுமில்லை, குதிக்கவுமில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது கூரையே இல்லை. உடல் பிறகுதான் கிடைத்தது. அடைக்கலம் கொடுத்த பள்ளி மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் பேச்சியம்மாள் மகனைப் பார்த்து, “அப்பனை விட்டுட்டு வந்தவன் என் மூஞ்சியில முழிக்காத” என்றாள். அவனும் முழிக்கவில்லை.

“அம்மா பேசுனதை எடுத்தீங்களாமே அண்ணே. பார்க்கலாமா?”

குணாளன் தலையைச் சொறிந்தான். முதல் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினான். வெள்ளம் எப்படி வந்தது, எவ்வளவு உயரம் என்கிற கதைதான். அடுத்ததுதான் சங்கடம்.

“இதுல படமும் குரலும் சேர மாட்டேங்குது தம்பி. நாலஞ்சு விநாடி முன்ன பின்ன ஓடுது. கட்டை தட்டியிருக்குன்னு தாள்ல இருக்கு. படத்துல கட்டை கீழ இறங்கிப் போறதுதான் தெரியுது, மூடுறது ஃபிரேமுக்கு வெளிய; சத்தத்தையும் காணோம். ரெக்கார்டர்தான் முழுங்கிருச்சு போல. பத்து நாளா தேடுறேன். ரயில் போற சத்தம் கேக்குது, அதை வச்சுப் பிடிக்கலாம்னா படத்துல ரயில் இல்ல. வாயைப் பார்த்துச் சேர்க்கலாம்னா அக்கா முந்தானையை எடுக்கவே இல்ல. குரலை மட்டும் கேக்குறியா?”

மூலையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த லோஷினியின் கை நின்றுபோனது. பத்து நாளாக அவன் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இல்லாத சத்தத்தை ஒரு மனிதன் காதைத் தீட்டிக்கொண்டு தேடுவதைப் பார்ப்பது ஒவ்வொரு நாளும் நெஞ்சில் கல்லை ஏற்றியது. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று வருவாள். தினமும் சாயங்காலம் சொல்லாமல் வீட்டுக்குப் போவாள்.

குரல் ஓடியது. குணாளன் கேட்டிருந்த கேள்வி முதலில் வந்தது. ‘மூர்த்தி படகைத் திருப்பியிருந்தா, இல்ல ஜீவன் பிடிவாதம் பிடிச்சிருந்தா, வேற மாதிரி ஆயிருக்கும்னு நினைக்கிறீங்களாக்கா?’ நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு முந்தானைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

‘அவனை நினைச்சா வயிறு எரியுதுப்பா. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.’

தூரத்தில் ரயில் ஒன்று கடந்து போனது. அது போய் முடிந்த பிறகு மறுபடியும்:

‘அவன் என்னா பண்ணுவான், பாவம். நல்லா இருக்கட்டும்.’

ஜீவன் அசையவில்லை. “எந்த அவன் அண்ணே?” என்றான்.

“மூர்த்தியாத்தான் இருக்கும். முதல்ல சொன்னது மூர்த்தி. ரெண்டாவது சொன்னது உன்னைய.”

“உங்களுக்குத் தெரியுமா, இல்ல எனக்காகச் சொல்றீங்களா?”

குணாளனுக்குத் தெரியாது. அன்று அவன் கண் ஃபோகஸில் இருந்தது. லோஷினியின் கண் ரெக்கார்டரில் ஏறி இறங்குகிற பச்சைக் கோட்டில் இருந்தது. அந்த அறையில் இரண்டு பேர் இருந்தும் பேச்சியம்மாளை யாரும் பார்க்கவில்லை.

“அம்மா கை எங்க இருந்துச்சு?” என்றான் ஜீவன். “யாரைப் பத்திப் பேசுறாங்களோ அங்கதான் கை போகும். சின்ன வயசுல நான் பொய் சொன்னா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் காதுல இருக்கும் அந்தக் கை. மடியில ஏதாவது இருந்துச்சா?”

“உன் போட்டோ இருந்துச்சு. அஞ்சாம் படிவத்துல எடுத்தது. படத்துல ஒரு இடத்துல அது மேல கையை வைக்கிறாங்க. எந்தச் சொல்லுக்கு வைக்கிறாங்கன்னுதான்…”

“கையை எப்ப வச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்.” அவன் எழுந்துகொண்டான். “வீட்டைக் காலி பண்ணப் போறேன். நாலு மணிக்கு வர்றேன், அதுக்கப்புறம் கெலாங் பாத்தாவுக்கு ஓட்டணும். நாளைக்கு வேலை. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. ஆனா நீங்களா ஒன்னு சொல்லாதீங்க.”

படியில் அவன் இறங்குகிற சத்தம் தேய்ந்தது.

---

குணாளன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தான். “அலமாக். அந்த ரெக்கார்டரைத் தூக்கி ஆத்துலதான் போடணும்.”

“ரெக்கார்டர் மேல தப்பில்லண்ணே.”

சொன்னது தான்தானா என்று லோஷினிக்கே சந்தேகமாக இருந்தது. குணாளன் நாற்காலியோடு திரும்பினான்.

“நான் தட்டல.”

“என்னாது?”

“ரெண்டாவது தடவை நான் கட்டையைத் தட்டல. ஆன்ட்டி கண்ணை மூடிக்கிட்டாங்க. எனக்குத் தட்ட மனசு வரல. உங்ககிட்டப் பொய் சொன்னேன்.” வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது.

குணாளன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “பத்து நாளு லோஷி” என்றான். “பத்து நாளா என் கண்ணு முன்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்க.”

“ம்.”

“தட்டலைன்னா தட்டலைன்னு அங்கேயே சொல்லியிருந்தா ஒரு கைத்தட்டு தட்டி எடுத்திருப்பேனே. மெல்லமா விரலைச் சொடுக்கியிருந்தாலும் போதுமே. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம். கண்ணுக்கும் தெரியணும், காதுக்கும் கேக்கணும். கட்டைதான்னு யாரு சொன்னா?”

விரலைச் சொடுக்கியிருந்தால் என்ற சொல் லோஷினியின் காதுக்குள் போய் எங்கேயோ இடித்தது. ஹெட்ஃபோனுக்குள் ஒருமுறை பட்டாசு மாதிரி வெடித்த ஒரு சத்தம். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சத்தம்.

“அண்ணே, கடைசி வரைக்கும் ஓட்டுங்க.”

“கடைசியில என்ன இருக்கு? அவ்வளவுதான்னு சொல்லிட்டு நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன். அதை வெட்டி எறிஞ்சுட்டேன்.”

“கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. வெட்டுனதை எடுங்க.”

வெட்டிய துண்டைக் குணாளன் மறுபடியும் கொண்டுவந்து ஒட்டினான். திரையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்து லோஷினியின் முதுகு வந்து பாதித் திரையை மறைத்தது. சேலைத் தோளில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற அவள் குனிகிறாள். பேச்சியம்மாள் முந்தானையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் லோஷினியின் கன்னத்தை வழித்தெடுத்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டுகளில் வைத்து அழுத்துகிறாள்.

“நெட்டி முறிக்கிறாங்க” என்றான் குணாளன் மெதுவாக.

“விரலு படபடன்னு முறிஞ்சுச்சுண்ணே. மைக் அப்ப அவங்க தோள்லயே இருந்துச்சு. நான் ஹெட்ஃபோனைக் கழட்டல.”

ஒலியின் கோட்டைக் கடைசியில் விரித்துப் பார்த்தார்கள். சமமாக ஓடிக்கொண்டிருந்த கோட்டில் முள் மாதிரி மூன்று எகிறல், ஒரு சின்ன இடைவெளி, பிறகு இரண்டு. குணாளன் ஒலியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து, மடங்கிய விரல்கள் பொட்டில் அழுந்துகிற படத்துக்கு நேராக முதல் முள்ளை நிறுத்தினான். ஓடவிட்டான். படபடவென்று விரல்கள் முறிந்தன. திரையிலும் முறிந்தன. அடுத்து லோஷினியின் கை மைக்கைத் தொட்டது. தொட்ட அந்த நொடியிலேயே கரகரவென்றது.

‘என் கண்ணே பட்டுரும் போல’ என்றாள் பேச்சியம்மாள். முந்தானை இல்லாததால் கோணிய வாய் தெரிந்தது. சொல்லும் வாயும் ஒன்றாக அசைந்தன. ‘இவ்வளவு லட்சணமா இருந்துக்கிட்டு ஏன் புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்க?’

குணாளன் அவளைத் திரும்பிப் பார்த்தான். லோஷினி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஒருவர் தன்னை அப்படிச் சொன்னதை இன்னொருவர் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“சரி. இப்ப அங்க போவோம்.” அவன் படத்தைப் பின்னால் இழுத்தான்.

கேள்வி. மௌனம். பேச்சியம்மாளின் இடது கை வாசல்பக்கம் பாதி தூக்கி நின்றது. வாசலுக்கு நேரே எதிர்ப்பக்கம்தான் மூர்த்தி வீடு. அங்கேயே இரு, அங்கேயே இரு என்று லோஷினி மனசுக்குள் அந்தக் கையிடம் சொன்னாள். கை இறங்கியது. ‘அவனை நினைச்சா’ என்று குரல் வரும்போது அது மடியில் இருந்த போட்டோவின் மேல் வந்து உட்கார்ந்தது.

‘சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.’

கை போட்டோ மேலேயே இருந்தது.

குணாளன் நிறுத்திவிட்டான். கீழே கடையில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். பாலில்லாத தே ஓ ஆறிப்போய் மேசையில் இருந்தது.

“லோஷி” என்றான், திரையைப் பார்த்தபடியே. “ஒரு மூணு விநாடி தள்ளி வச்சா, அந்தச் சொல்லு முடிஞ்ச பிறகு கை போட்டோவுக்கு வருது. முதல் அவன் மூர்த்தி. ரெண்டாவது அவன் ஜீவன். நான் காலையில சொன்ன மாதிரியே ஆயிடும். வாய்தான் தெரியலையே. யாரு கண்டுபிடிக்கப் போறா?”

லோஷினி திரையில் நின்றுபோயிருந்த அந்தக் கையையே பார்த்தாள்.

“அந்தப் பையனைப் பார்த்தேல்ல. ரெண்டு மெஷினும் எப்பவுமே ஒரே வேகத்துல ஓடாது. நடுவுல நழுவும்தானே?”

“ரெண்டு ஃபிரேம் நழுவும்ணே. இமைக்கிற நேரம் கூட இல்ல. மூணு விநாடி நழுவாது.”

“அது எனக்கும் தெரியும்.”

“ஏற்கெனவே நான் ஒரு பொய் எழுதி வச்சிருக்கேன்” என்றாள் லோஷினி. “அவரு கேட்டது கை எங்க இருந்துச்சுன்னுதான். மன்னிச்சாங்களான்னு கேக்கல.”

குணாளன் நெடுநேரம் மௌஸைப் பிடித்தபடி இருந்தான். கடைசியில் அதிலிருந்து கையை எடுத்து, நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டான். “அப்ப நீயே உட்காரு” என்றான். “நான் போட்டுக் காட்ட மாட்டேன்.”

ஜீவன் வருவதற்கு முன் அவள் குறிப்புத் தாளைத் தேடி எடுத்தாள். ‘கிளாப்: உண்டு’ என்பதை அடித்தாள். ‘கிளாப் இல்லை. கடைசியில் நெட்டி முறிப்பு. அதை வைத்துச் சேர்த்தது’ என்று கீழே எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

---

நாலு மணிக்குச் சொன்னபடி ஜீவன் வந்துவிட்டான். கையில் துண்டில் சுற்றிய ஒரு சட்டம். லோஷினிக்கு அது என்னவென்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

“கிடைச்சுதா?” என்று குணாளனைப் பார்த்துக் கேட்டான். குணாளன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தங்கச்சி காட்டும்” என்றான்.

லோஷினி நாற்காலியைக் காட்டினாள். “அண்ணே, இது சேராததுக்குக் காரணம் நான்தான்” என்று தொடங்கினாள். கட்டையைத் தட்டாததையும் பொய் சொன்னதையும் சொன்னாள். “இப்பச் சேர்த்தாச்சு. சரியாச் சேர்ந்திருக்கு. நாங்க எதையும் நகர்த்தல.” ஓடவிட்டாள்.

கை வாசல்பக்கம் தூக்கி நின்றது. ஜீவன் முன்னால் சாய்ந்தான். கை இறங்கிப் போட்டோவில் உட்கார்ந்தது. ‘சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.’ அவன் கண்ணை மூடிக்கொண்டான். கட்டைச் சத்தத்துக்குக் காத்திருந்தபோது அவன் அம்மா மூடிக்கொண்டது போலவே, இறுக்கி. லோஷினி நிறுத்தப்போனாள். பிறகு நிறுத்தவில்லை.

ரயில் வந்தது. எட்டு விநாடி, ஒன்பது விநாடி. “அண்ணே” என்றாள் லோஷினி. “கண்ணைத் திறங்க.”

அவன் திறந்தான். திரையில் பேச்சியம்மாள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் போட்டோவை விட்டு நகரவில்லை. கட்டைவிரல் கண்ணாடியின் மேல், அவன் முகம் இருக்கிற இடத்தில், தூசி துடைக்கிற மாதிரி மெல்ல மெல்லப் போய் வந்துகொண்டிருந்தது. ரயில் தேய்ந்தது.

‘அவன் என்னா பண்ணுவான், பாவம். நல்லா இருக்கட்டும்.’

கை அப்போதும் அங்கேதான் இருந்தது.

ஜீவன் துண்டைப் பிரித்து மடியில் இருந்த சட்டத்தைப் பார்த்தான். கண்ணாடியில் ஓரிடம் மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தது. அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். தோள் ஒருமுறை குலுங்கியது.

“ரெண்டுமே என்னையத்தான்” என்றான்.

லோஷினி தலையை ஆட்டினாள்.

“நடுவுல கையை எடுக்கவே இல்லல?”

“இல்லண்ணே.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

“திரும்பப் போடும்மா.”

“எங்கேருந்துண்ணே?”

“மன்னிக்க மாட்டேன்னு சொல்றாங்கள்ல, அங்கேருந்து.”